90க்குக் குறைந்த கேமை வாங்கலாமா?

வாசகர் கேள்வி, 2024 ஏப்ரல் 26

அண்ணா, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை வீட்டில் இருக்கிறேன். மாமா பாவித்த பழைய பிசி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ரிவியூக்களின் புள்ளிகளைச் சேர்த்து நூற்றுக்குச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் 90க்குக் கீழே எடுத்த எந்தக் கேமையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். கேம் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, காசும் நேரமும் கொஞ்சம்தான். இதில் என்ன பிழை? (அன்புவழிபுரம்)

2024 ஏப்ரல் 26, இரவு

உன் சட்டப்படி வெளியே போகிறவர்களைப் பார் தம்பி. ஃபால்அவுட் நியூ வேகாஸ், 84. யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, 79. ஸ்டார்டியூ வேலி பிசியில் 89, ஒரு புள்ளியால் வாசலில் நிற்கிறது. தனி மனிதர் ஒருவர் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்த கேம் அது.

உள்ளே வருவது யார்? டோனி ஹோக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 2, 98. ஸ்கேட்போர்டைக் கண்ணால் கண்டிருப்பாயோ தெரியாது, உன் பட்டியலில் அது முன்வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே 1998இல் வந்த ஸெல்டா: ஒக்கரினா ஒஃப் டைம், 99. அருமையான கேம், அதில் கதையில்லை. ஆனால் அந்த 99 இருபத்துச் சொச்சம் ரிவியூவின் சராசரி. இப்போது ஒரு பெரிய கேம் வந்தால் நூறு இடத்தில் எழுதுகிறார்கள். நூறு பேரில் நாலு பேராவது முகம் சுளிப்பார்கள். பால்டர்ஸ் கேட் 3க்கே 96தான்.

2024 ஏப்ரல் 27

நேற்று அவசரத்தில் விட்டது. ஓ.எல்., ஏ.எல். இரண்டிலும் 75 எடுத்தால் ஏ. மெட்டாகிரிட்டிக்கிலும் கேமுக்குப் பச்சை நிறம் 75இல்தான் தொடங்குகிறது, 74 என்றால் மஞ்சள். சினிமாவுக்கு மட்டும் அதே தளத்தில் 61இலேயே பச்சை. கேம் ரிவியூ எழுதுகிறவர்கள் புள்ளியைத் தாராளமாகப் போடுகிறவர்கள் என்பதால் வந்த ஏற்பாடு இது. பத்துக்கு ஏழு என்றால் ‘பரவாயில்லை’, ஆறு என்றால் ‘கிட்டப் போகாதே’. அதற்குக் கீழே உள்ள படிகளில் யாரும் கால் வைப்பதே அரிது.

அப்புறம் அந்த மாற்றுக் கணக்கு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போடுகிறவர் மனதில் ‘நல்லது, விருப்பமென்றால் ஆடு’ என்றிருக்கும். மெட்டாகிரிட்டிக் அதை 60 ஆக்கிவிடும். எழுத்தில் பி கொடுத்தால் 75, பி மைனஸ் என்றால் 67. ‘பி மைனஸ்’ போட்ட மனிதர் தன் கையால் 67 எழுதியிருப்பாரா? சராசரி எடுக்கும்போது எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு நிறை கொடுக்கிறார்கள் என்பதையும் வெளியே சொல்வதில்லை. நீ வெட்டுப்புள்ளி என்று பிடித்து வைத்திருக்கிற 90 இப்படிச் சமைத்த எண்.

2024 ஏப்ரல் 28

மூதூரிலிருந்து ஒருவர்: “அப்படியென்றால் இசட் புள்ளி போட வேண்டியதுதானே?”

பகிடியாகக் கேட்டாலும் சரியான கேள்வி. பல்கலைக்கழக அனுமதிக்கு இங்கே இசட் புள்ளி வந்தது 2001இல், மெட்டாகிரிட்டிக் தொடங்கியதும் அதே 2001இல். கடினமான பாடத்தின் 60ஐயும் இலகுவான பாடத்தின் 80ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டக் கூடாது என்று நம் ஆட்களுக்கு விளங்கியிருக்கிறது. அங்கே இறுக்கிப் பிடித்துத் திருத்துகிற பத்திரிகையின் 7உம் அள்ளி வீசுகிற தளத்தின் 9உம் ஒரே சட்டிக்குள் போகின்றன.

பல்கலைக்கழக அனுமதியில் இருக்கிற மாவட்டக் கோட்டாவை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம், சொல்லிவிட்டேன்.

2024 ஏப்ரல் 30

இவ்வளவு கதைத்தும் கிரிக்கெட் கேம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07, 2006 நவம்பரில், அந்த வருட ஆஷஸை ஒட்டி வந்தது. ரிவியூ எழுதியவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. ஈ.ஏ.யும் அத்தோடு அந்தத் தொடரையே நிறுத்திவிட்டது. ஆனால் இந்த ஊரில் பிசி வைத்திருந்த வீடுகளில் அது இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். ஜேர்சி மாற்ற, வீரர்களின் பெயர் மாற்ற, மைதானம் மாற்ற என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் பேட்ச் போட்டார்கள். சீடி கடையில் அட்டையை மட்டும் புதிதாக அச்சடித்து ‘2011 வேர்ல்ட் கப்’ என்று விற்றார்கள். உள்ளே அதே 07. வாங்கியவர்களுக்கும் அது தெரியும், அதற்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுவோம். ஒருவருக்கு அம்புக் கட்டைகள், மற்றவருக்கு இடப்பக்க எழுத்துகள். இடப்பக்கம் கிடைத்தவன் தோற்றால் எஸ் கட்டை இறுகிவிட்டது என்பான். அது உண்மையாகவே இறுகித்தான் இருந்தது. எழுத்து முழுக்க அழிந்து, நடுவில் விரல் பதிந்த பள்ளம் மட்டும் மினுங்கும். மகேலவோ சங்கக்காரவோ ஆட்டமிழந்ததற்கு அந்தக் கட்டையே பொறுப்பு என்று தீர்ப்பாகும்.

இதற்கு எந்த ரிவியூவில் புள்ளி? பக்கத்தில் ஆள் இருந்து ஆடினால் எப்படி, எட்டு வருடம் கழித்தும் ஆடலாமா என்பதெல்லாம் வெளியான வாரத்தில் எழுதுகிறவருக்குத் தெரிய வழியில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. நான் கேட்பது வேறு. எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று முதல் பந்தியில் விளக்குகிற ரிவியூவை வைத்து நான் ஏன் கிரிக்கெட் கேம் வாங்க வேண்டும்? அந்த மனிதரின் 6ஐ அவரே வைத்துக்கொள்ளட்டும்.

மறுபக்கமும் உண்டு. ஆஷஸ் கிரிக்கெட் 2013, அந்த வருடம் நவம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட நிற்கவில்லை. களத்தடுப்பு வீரர்கள் பந்தைக் கண்டும் காணாமல் நின்ற வீடியோக்களைப் பார்த்து உலகமே சிரித்தது. வெளியிட்ட 505 கேம்ஸ் கேமைத் தூக்கிவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தது. ஒழுங்கான ரிவியூ வருவதற்குள் கேமே போய்விட்டது. அடுத்த வருடம் வந்த டொன் பிராட்மன் கிரிக்கெட் 14தான் கொஞ்சம் வயிற்றில் பால் வார்த்தது.

2024 மே 1

“அண்ணா, அப்ப எதைத்தான் பார்த்து வாங்குகிறீர்கள்?” சேவ். ஆடியது அழியாமல் பதிந்து வைக்கிற வசதி.

சிரிக்காதீர்கள். சமாதான காலத்தில் இங்கே நெட் கஃபேக்கள் முளைத்தபோது பெடியன்கள் அடித்துப் பிடித்து ஆடியது ப்ரொஜெக்ட் ஐ.ஜி.ஐ. நோர்வேக்காரர் செய்து 2000 இறுதியில் வந்த கேம். மிஷனுக்கு நடுவில் சேவ் கிடையாது. கம்பி வேலியை வெட்டி, கமராவை நிறுத்தி, காவல் கோபுரத்தில் நிற்பவனைத் தூரத்திலிருந்து விழுத்தி, கடைசிக் கட்டடத்துக்குள் நுழைகிற நேரம் மின்விசிறி மெதுவாகும். அடுத்தது யூ.பி.எஸ். கீச்சிடும். கடைக்காரர் ஒவ்வொரு திரையாகத் தட்டி நிறுத்திக்கொண்டு வருவார். “மிச்சக் காசு நாளைக்கு” என்பார். நாளைக்கு மிஷனை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சேவ் இல்லாததை அப்போதே ரிவியூக்களில் குறையாக எழுதியிருந்தார்கள். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் எண்ணிக்கை வைத்து சேவ் செய்ய விட்டார்கள். இந்த மாதிரி ஒரு வரிக் குறைதான் எனக்கு வேண்டியது. அந்த ஒரு குறைக்காக 10இலிருந்து 8 ஆகியிருக்கும். கரண்ட் போகாத ஊர்க்காரருக்கு அந்த 8, 9க்குச் சமன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்த நமக்கு அது 4.

ஆகவே நான் ரிவியூவில் குறைகளை மட்டும் வாசிப்பேன். பாராட்டு எல்லா ரிவியூவிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். குறையில்தான் எழுதினவர் யார், எப்படிப்பட்ட மெஷினில் ஆடினார், எதற்குப் பொறுமையிழப்பார் என்பது தெரியும். அந்தக் குறை என் குறையா, அவருடைய குறையா என்று பார்த்தால் மீதியை நானே முடிவு செய்துகொள்வேன்.

ஸ்டார்டியூவில் இரவு படுத்தால்தான் சேவ். ஆனால் அங்கே ஒரு நாள் என்பது நமக்குக் கால் மணித்தியாலம்கூட இல்லை. போனால் ஒரு நாள் விவசாயம் போகும், அவ்வளவுதான்.

2024 மே 4

ஸ்டீமைத் திறந்து பார்த்தீர்களா? ஹெல்டைவர்ஸ் 2. பெப்ரவரியில் வந்து, ரிவியூக்காரர்கள் 80க்கு மேல் போட்டு, உலகமே ஆடிக்கொண்டிருந்த கேம். இனி பிசியில் ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைக்கத்தான் வேண்டும் என்று சோனி அறிவித்திருக்கிறது. அந்த நெட்வொர்க் இயங்குகிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. வேறு நாட்டைச் சொல்லிக் கணக்குத் திறந்தால் விதிமீறல். காசு கொடுத்து வாங்கியவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பாதகமான ரிவியூ மழையாகக் கொட்டுகிறது. விமர்சகர்களின் எண் அசையாமல் அப்படியே இருக்கிறது.

2024 மே 6

சோனி பின்வாங்கிவிட்டது, கணக்கு இணைக்கத் தேவையில்லையாம். பாதகமான ரிவியூக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிய பிறகு. இதற்கிடையில் அந்த நெட்வொர்க் இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் ஸ்டீமில் கேம் விற்பனையை நிறுத்தியும் விட்டார்கள்.

சந்தோஷம்தான். ஆனால் இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். இதே ஆயுதத்தை 2020 ஜூனில் லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2 மீதும் எடுத்தார்கள். விமர்சகர்கள் 93 போட்ட கேம். முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். வெளியாகி ஒரு நேரச் சோறு சமிக்குமுன் ஆயிரக்கணக்கில் பூச்சியம் விழுந்தது. ஆடிப் பார்க்காமலே போட்டவை அவை. அதன்பின் மெட்டாகிரிட்டிக், கேம் வெளியாகி 36 மணித்தியாலம் கழித்துத்தான் வாசகர் புள்ளி போடலாம் என்று மாற்றியது.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புக் கோடு. உள்ளே போய் வாசித்தால்தான் ஒன்றில் ‘காசு கொடுத்தேன், உள்ளே விடவில்லை’ என்றும் மற்றதில் ‘அந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை’ என்றும் தெரியும். என் மே 1 குறிப்பை இதற்கும் நீட்டிக்கொள்ளுங்கள்.

2024 மே 9

“ரிவியூக்காரர்கள் எல்லாரும் காசு வாங்குகிறவர்கள்” என்று ஒருவர் ஒற்றை வரியில் எழுதியிருக்கிறார். அவ்வளவு இலகுவாக இருந்தால் நல்லது, ஒரு பட்டியல் போட்டு ஆட்களைத் தவிர்த்துவிடலாம்.

நடந்தது உண்டு. 2007 நவம்பரில் கேம்ஸ்பொட் தளம் ஜெஃப் கெர்ஸ்ட்மனை வேலையிலிருந்து நீக்கியது. கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு அவர் 6 போட்டிருந்தார், தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது 2012இல்தான்.

அதே 2012இல் இன்னொன்றும் வெளிவந்தது. நியூ வேகாஸைச் செய்த ஒப்சிடியனுக்கு மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. இதைச் சொன்னவர் அந்தக் கொம்பனியின் கிரிஸ் அவலோன். யாரோ ஒருவரின் பி, பி மைனஸாகி, 67 ஆகி, எங்கேயோ ஒரு சம்பளத்தைத் தொட்டிருக்கலாம். அந்தப் பி மைனஸ்காரருக்கு இது தெரிந்திருக்கவும் மாட்டாது.

என்னைக் கேட்டால் காசைவிடப் பெரிய வில்லன் நேரம். சைபர்பங்க் 2077ஐ எடுங்கள். 2020 டிசம்பர் 10 வெளியீட்டுக்கு முன் ரிவியூக்காரர்களுக்குக் கொடுத்தது பிசி பிரதி மட்டும். தாங்கள் பிடித்த வீடியோவைக் காட்டவும் அனுமதியில்லை. பிசிக்கு 86 விழுந்தது. பிறகு பிளேஸ்டேஷன் 4 பிரதியை ஆடிப் பார்த்தவர்கள் எழுத, அதன் எண் 57. அதே பெயர், அதே அட்டைப்படம். எட்டாம் நாள் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, திரும்ப வைத்தது அடுத்த வருடம் ஜூனில். அதன்பின் பேட்ச் மேல் பேட்ச் போட்டு 2023இல் கேமையே புதிதாக்கிவிட்டார்கள். அந்தப் பழைய 86உம் 57உம் மட்டும் கல்வெட்டு மாதிரி அப்படியே நிற்கின்றன.

நாம் யாரும் முதல் நாள் 60 டொலர் கொடுத்து வாங்குகிறவர்கள் அல்ல. மூன்று வருடம் பொறுத்து, சேலில் விழுந்த பிறகு எடுப்பவர்கள். எங்களுக்கு வரும் கேமும் ரிவியூவில் இருக்கிற கேமும் ஒன்றே அல்ல. திகதியைப் பார்த்து, கடைசி ஆறு மாதத்தில் எழுதியதை வாசியுங்கள்.

2024 மே 15

“ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை நாற்பதுக்கு நாற்பது கொடுத்தது ஸெல்டாவுக்கு மட்டும்தான்” என்று ஒருவர். அது முதலாவது. பிறகு பல கேம்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நின்டென்டோக்ஸுக்கும் கொடுத்தார்கள், நாய்க்குட்டி வளர்க்கிற கேம்.

ஆனால் ஃபாமிட்சு முறையில் எனக்குப் பிடித்த ஒன்று, நாலு பேர் தனித்தனியாகப் பத்துக்குப் போட்டு நாலையும் அச்சிடுவார்கள். 9, 9, 8, 5 என்று கண்டால் அந்த ஐந்து ஏன் என்று உடனே தேடத் தோன்றும். சராசரியில் அந்த ஐந்து காணாமல் போய்விடும். 2010இல் வந்த டெட்லி ப்ரெமொனிஷன் என்ற பேய்க் கேமுக்கு ஐஜிஎன் தளம் 2 போட்டது, டிஸ்ட்ரக்டொய்ட் தளம் 10 போட்டது. கூட்டிப் பிரித்தால் 6. ‘சுமாரான கேம்’ என்று நினைத்து வாங்குகிறவர் பாவம், அதில் சுமாராக எதுவுமே கிடையாது.

2024 மே 19

வெண்பா ஆடி முடித்தேன். ஒரே இருப்பில்.

டொரொன்டோவில் செய்த தமிழ்க் கேம். 1980களில் கனடா போன ஒரு குடும்பம், அம்மாவின் கறைபட்டுக் கிழிந்த சமையல் குறிப்பு, அழிந்துபோன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். 2023 ஜூலையில் வந்தது. இந்த வருடம் சுயாதீனக் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரிய விருதும் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதும் வாங்கியிருக்கிறது. ரிவியூக்களில் திரும்பத் திரும்ப வந்த குறை ‘நீளம் போதாது’. ஒன்றரை மணித்தியாலம், 15 டொலர்.

இந்தக் குறை என் குறையா? முதலில் ஆம் என்றுதான் நினைத்தேன். 15 டொலரை ரூபாவாக்கிப் பார்த்தால் கை தானாகப் பின்னுக்கு வருகிறது. மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் யூரோ ட்ரக்குக்குப் பக்கத்தில்கூட இது நிற்காது.

பிறகு புட்டுக் காட்சி வந்தது. அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றார். மாவும் தேங்காய்ப்பூவும் குழலில் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதுதான் அங்கே புதிர். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன். “நீ இவ்வளவு வயதுக்கும் புட்டைச் சாப்பிட மட்டும்தான் பழகியிருக்கிறாய்” என்றார். அப்புறம் குழல் சரியில்லை, நீத்துப்பெட்டியில் அவித்தால்தான் புட்டு என்று கேமுக்கும் ஒரு குறை சொன்னார். ஸ்கோர் கேட்டேன். “கறி எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சேலில் வாங்குங்கள். நீளம் பற்றி எழுதினவர்கள் பொய் சொல்லவில்லை. நான் அந்தக் குறையோடு அதை வைத்துக்கொள்கிறேன்.

2024 ஜூன் 2

ரிசல்ட்ஸ் வந்துவிட்டது. அன்புவழிபுரம் தம்பி ஏ எட்டாமல் பியில் நின்ற ஒரு பாடத்தைப் பற்றி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். மஞ்சள் நிறம் என்றால் என்ன என்பது இப்போது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாழ்த்துகள், மற்ற இரண்டும் பச்சை.

2024 ஜூன் 23

எல்டன் ரிங்கின் புதிய விரிவாக்கம் வெள்ளிக்கிழமை வந்தது. விமர்சகர்கள் 90க்கு மேல், ஸ்டீமில் ‘கலப்பு’. வாசித்துப் பார்த்தால் இரண்டு கூட்டம். ஒன்று, கஷ்டம் தாங்க முடியவில்லை என்கிறது. மற்றது, பிசியில் இடறி இடறி ஓடுகிறது என்கிறது. முதல் குறை எனக்கு விளம்பரம் மாதிரி. இரண்டாவது, பழைய பிசிக்காரர் எல்லாருக்கும் எச்சரிக்கை. ஸ்டீம் இரண்டையும் கூட்டி ஒரு சொல்லாகக் காட்டுகிறது.

2024 ஆகஸ்ட் 18

இங்கே பெரும்பாலானவர்கள் ஆடுவது போனில், அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று நிலாவெளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நியாயம். பழைய பத்திரிகைகளின் புள்ளி ஃப்ரீ ஃபயருக்கு முன் செல்லாக்காசு. அங்கே ப்ளே ஸ்டோர் நட்சத்திரம்தான் எல்லாம்.

பக்கத்து வீட்டுப் பெடியன் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஆடுகிறான். இந்தோனேசிய வீதியில் நம்முடைய சிவப்பு பஸ் ஓடுகிறது, ரசிகர்கள் செய்த மொட். முன்கண்ணாடியில் 49, கொழும்பு–திருகோணமலை. ஹோர்ன் சத்தம் மட்டும் அசல். ப்ளே ஸ்டோரில் அவன் எழுதிய ரிவியூவைக் காட்டினான். ஐந்து நட்சத்திரம் போட்டு, கீழே கேட்டிருப்பது இலங்கை மேப்பும் மழையும். பிடித்திருந்ததால் போட்ட ஐந்தா என்று கேட்டேன். “இல்லை அண்ணா, ஐந்து போட்டால்தான் வாசிப்பார்களாம்.” அதாவது அது விண்ணப்பப் படிவம். மற்றவர்கள் எழுதியதையும் தள்ளிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இப்படித்தான்.

2025 பெப்ரவரி 10

நேற்று முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனதற்குக் காரணம் பாணந்துறை உப மின்நிலையத்தில் பாய்ந்த ஒரு குரங்கு என்று அமைச்சரே சொல்லியிருக்கிறார். இன்றும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு.

கிண்ணியா நண்பர் கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 ஆடிக்கொண்டிருந்தார். நாலாம் திகதி வந்த கேம், ரிவியூக்கள் எல்லாம் உச்சத்தில். நினைத்த இடத்தில் சேவ் செய்ய அதில் ஒரு மது குடிக்க வேண்டும். இல்லையென்றால் கட்டில் தேடிப் படுக்க வேண்டும். கேமை விட்டு ஒழுங்காக வெளியேறினாலும் ஒரு சேவ் விழும். குரங்கு வெளியேற நேரம் கொடுக்கவில்லை. ‘இந்த சேவ் முறை ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதற்றத்தைத் தருகிறது’ என்று பாராட்டுகிற வகை ரிவியூ ஒன்றை அவர் எனக்கு அனுப்பியிருக்கிறார், கீழே வேறு எதுவும் எழுதாமல். அந்தப் பதற்றம் இங்கே இலவசம் என்று பதில் போட்டேன். இன்னும் சிரிக்கவில்லை.

அவர் கேமைக் குறை சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்று வெட்டு முடிந்ததும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

2025 பெப்ரவரி 16

அன்புவழிபுரம் தம்பி திரும்ப வந்திருக்கிறார். 90 சட்டத்தைக் கைவிட்டாராம், இப்போது 80 வைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் ஸ்டீமில் ஸ்பிரிங் சேல் வரும், பத்து டொலர் சேர்த்திருக்கிறார், பிசி அதே பழையது. எதை எடுப்பது?

நியூ வேகாஸ். சேலில் தனிக் கேமாக வாங்கி, பிறகு ஒவ்வொன்றாக டிஎல்சி (தனியாக விற்கிற மேலதிகப் பகுதிகள்) சேர்க்காதே. அல்டிமேட் எடிஷனில் எல்லாம் ஒன்றாக வரும், சேலில் பத்து டொலருக்குள் அடங்கிவிடும். பழைய மெஷினில் ஓடும், விரும்பிய இடத்தில் சேவ் செய்யலாம். பக் நிறைய இருக்கிறது என்று 2010இல் எல்லாரும் எழுதினார்கள், அது இன்னும் உண்மை. ஆகவே தொடங்குமுன் ரசிகர்கள் செய்த 4ஜிபி பேட்ச்சைப் போடு. ஒரே சேவில் திரும்பத் திரும்ப எழுதாமல் புதிது புதிதாக சேவ் செய். மிஞ்சிய காசை யூரோ ட்ரக்குக்கு வை. அது சேலுக்கு வருவது புதினமில்லை, அவசரப்படாதே.